சந்தேகத்தின் பலன் பாலாஜிக்கே

கொஞ்சம் தள்ளி உக்காருங்க பிரதர். தேங்க்ஸ். நீங்களும் அந்த ஃபுட்பால் வேலைக்குத்தானே வந்திருக்கீங்க? மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. இத்தனை நாற்காலி காலியா இருக்கும்போது உங்க பக்கத்துல வந்து ஏன் உக்காந்தேன்னு நினைக்கறீங்க? வந்ததும் அந்தக் கோட்டைக் கழட்டி, ரெண்டு கையையும் சேத்து, காலர் கசங்காம மடிச்சு மடியில வச்சீங்க பாருங்க. அதப் பாத்துட்டுதான். ஒரு ஆளை நான் அதுலதான் எடை போடுவேன். இதுவரைக்கும் தப்பினதே இல்ல.

என் பேரு ஜெபராஜ். வியாசர்பாடி. வாயத் தொறந்தா எங்க ஏரியா பாஷை வந்துரும், இன்டர்வியூங்கறதால காலைலேர்ந்து அடக்கி வச்சிருக்கேன். உள்ள போனா முதல் கேள்வி என்ன கேப்பாங்க? போன கம்பெனிய ஏன் விட்டீங்க? அதுக்குத்தான் பதில் தயார் பண்ணிட்டு இருக்கேன். உங்ககிட்ட ஒரு தடவை சொல்லிப் பாத்துக்கறேனே. எப்படியும் கூப்பிட நேரமாகும், ஏசியும் நல்லாத்தான் இருக்கு.

ஹங்கேரின்னு ஒரு நாடு இருக்கு. எங்க இருக்குன்னு கேக்காதீங்க, எனக்கும் தெரியாது. ஆனா அங்க போரோஷ்வார்னு ஒரு ஊரு, அந்த ஊரு கிரவுண்டுல எந்த கார்னர்ல புல்லு செத்துக் கிடக்கு, எந்த இடத்துல மழைத்தண்ணி நிக்கும், எல்லாம் எனக்கு அத்துப்படி. பெருங்குடில உக்காந்துக்கிட்டு ஒரு சீசன் முழுக்க அதத்தானே பாத்தேன்.

டேக் போடற வேலை உங்களுக்குப் புதுசா? அப்ப சொல்றேன், கேட்டுக்கங்க. எங்கயோ ரெண்டு டீம் விளையாடும். மறுநாள் காலைல அந்த வீடியோ நம்ம ஆபீசுக்கு வந்துரும். ஒரு மேட்ச்சுக்கு ரெண்டு பேரு. அந்த டீம் ஒருத்தன், இந்த டீம் இன்னொருத்தன். பந்து ஒருத்தன் கால்ல பட்டா வீடியோவ நிறுத்து. யாரு, எங்க, பாஸா ஷாட்டா, சரியாப் போச்சா தப்பாப் போச்சா, பட்டன அமுக்கு. மறுபடி ஓட்டு, மறுபடி நிறுத்து. ஒரு மேட்ச் முடிக்க ஒரு ஷிஃப்ட் போயிரும். கடைசில கம்ப்யூட்டர் கூட்டிக் கழிச்சு ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் பத்துக்கு இவ்வளவுன்னு மார்க் போடும். அங்க கோச்சு அந்த மார்க்கத்தான் பாக்கறான். ஓனரும் அதத்தான் பாக்கறான்.

இங்கிலீஷ் லீக், ஸ்பெயின் லீக்லாம் இன்ஜினியரிங் படிச்சவங்களுக்குக் குடுப்பாங்க. எனக்கும் பக்கத்து சீட்டு நவ்ஷாத்துக்கும் ஹங்கேரி ஃபர்ஸ்ட் டிவிஷன். பன்னெண்டு டீமு. ஒவ்வொருத்தரும் ஒவ்வொருத்தரோட மூணு தடவை மோதணும். ஏன் மூணு, ரெண்டு போதாதான்னு நானும்தான் கேட்டேன், யாருக்கும் தெரியல. தாலிக்கு மூணு முடிச்சு மாதிரின்னு வச்சுக்கங்க. கடைசி ரெண்டு இடத்துக்கு வந்தவங்கள செகண்ட் டிவிஷனுக்கு இறக்கி விட்ருவாங்க. ஒரே ஆளு ஒரே டீமப் பாத்தா முகம் பழகிரும், வேலை சீக்கிரம் நடக்கும்னு எங்க டீம் லீடு யாழினி மேடம் எனக்கு போரோஷ்வாரக் குடுத்தாங்க. எங்க மேட்ச்சுல எதிர் டீம் யாரா இருந்தாலும் அது நவ்ஷாத்.

மஞ்சளும் கறுப்புமா ஜெர்சி. பதினோரு பேரும் எறங்கினா ஆட்டோ ஸ்டாண்டு மாதிரி இருக்கும். ஜனங்க உக்காந்து சூரியகாந்தி விதையக் கொறிச்சுக் கொறிச்சுத் தோல எதிர்ல துப்பிட்டே இருப்பாங்க. ஜெயிச்சாலும் துப்புவாங்க, தோத்தாலும் துப்புவாங்க. எனக்குப் பாத்ததும் புடிச்சுப் போச்சு.

முதல் மேட்ச்சுலயே பாலாஜியக் கண்டேன்.

சிரிக்காதீங்க. ஹர்ஷானி பாலாஜ்னு பேரு. நம்ம இனிஷியல் மாதிரி அவங்க குடும்பப் பேர முன்னாடி போட்டுக்குவாங்க. நான் பாலாஜின்னே கூப்பிடுவேன். ஆட்டம் முடியற நேரத்துல சப்ஸ்டிட்யூட்டா எறங்கினான். அவன் எறங்கின பிறகு பெஞ்சுல பாத்தா, அவன் போட்டிருந்த வார்ம்-அப் கோட்டு மடிச்சு வச்சிருக்கு. ரெண்டு கையையும் சேத்து, காலர் கசங்காம. வீடியோவ நிறுத்திட்டுக் கண்ணத் தொடச்சேன் பிரதர். நவ்ஷாத் திரும்பிப் பாத்து, ஏன்டா அழுவற, ஹங்கேரில யாராவது செத்துட்டாங்களான்னு கேட்டான்.

அவனுக்கு எப்படித் தெரியும்? நான் ஆறு வருஷம் பெஞ்சு. எங்க கிளப்புல அல்போன்ஸ் மாஸ்டர்னு ஒரு கோச்சு. அவரு அக்கா பையன் லெஃப்ட் பேக், இடது பக்கம் தடுத்து ஆடறவன். நானும் லெஃப்ட் பேக். அக்கா பையனுக்கு இடது காலு எது வலது காலு எதுன்னு கேட்டாலே சட்டுனு சொல்லத் தெரியாது. ஆனா ஆடறது அவன், வாட்டர் பாட்டில் எடுத்துக் குடுக்கறது நான். "இன்னாடா ஜெபா, உன் டைம் வரும்டா"ன்னு சொல்லிட்டே இருப்பாரு. என்னிக்காவது கூப்பிடுவாருன்னு ஒவ்வொரு மேட்ச்சுக்கும் சட்டையக் கழட்டி நீட்டா மடிச்சு வச்சு ரெடியா உக்காந்திருப்பேன். கூப்பிடவே இல்ல. அன்னிலேர்ந்து இந்த உலகத்துல எனக்குப் புடிக்காத ஒண்ணே ஒண்ணு பாரபட்சம். பாரபட்சம் பாக்கறவனக் கண்டாலே எனக்கு ஒடம்பெல்லாம் எரியும்.

அதனால பாலாஜிக்கு நியாயம் செய்யணும்னு முடிவு பண்ணேன்.

தப்பா எதுவும் போடல. அது முக்கியம், உள்ளயும் இதத்தான் சொல்லப்போறேன். சந்தேகத்தின் பலன அவனுக்குக் குடுத்தேன், அவ்ளோதான். கிரிக்கெட்ல அம்பயர் பேட்ஸ்மேனுக்குக் குடுக்கறதில்லயா? இப்ப ஒருத்தன் பாஸ் குடுக்கறான், வாங்கினவன் கால்லேர்ந்து பந்து துள்ளி ஓடிருது. தப்பு யாருது? குடுத்தவன் வேகமாக் குடுத்தானா, வாங்கினவன் சரியா வாங்கலயா? யாரு சொல்ல முடியும்? டேக் போடறவன்தான் சொல்லணும். அப்படி ஒரு சந்தேகம் வரும்போதெல்லாம் பாலாஜி பக்கம் நின்னேன். சந்தேகம் கொஞ்சம் அடிக்கடி வந்துச்சு.

என்ன, கணக்குன்னு ஒண்ணு இருக்கே. பாலாஜி கால்லேர்ந்து போன பந்துக்கு யாராவது ஒருத்தன் பொறுப்பு ஏத்துக்கணும், இல்லன்னா சிஸ்டம் அடுத்த ஸ்டெப்புக்குப் போகாது. அவனுக்கு ஜாஸ்தி பாஸ் குடுத்தது கேப்டன். ஃபெரென்ஸ்னு பேரு, மொட்டை. முப்பத்தஞ்சு வயசுக்கு மேல இருக்கும், அந்த ஊர்லயே பொறந்தவன், ஜனங்க விதை துப்பறத நிறுத்திட்டு அவன் பேரச் சொல்லிக் கத்துவாங்க. அவன் தலையில போட்டேன். பெரிய ஆளு, தாங்குவான்னு நெனச்சேன். அவ்வளவு வருஷம் ஆடிட்டான், இன்னும் என்ன வேணும்?

ஒரு மாசத்துல பாலாஜி மார்க் ஏறுச்சு பாருங்க! அங்க புதுசா ஒரு இளவட்ட கோச்சு, லேப்டாப்பக் கக்கத்துல வச்சுக்கிட்டே கிரவுண்டுக்கு வருவான். அவன் ஒரு பேட்டி குடுத்திருந்தான். அந்த ஊரு பாஷைய ஃபோன்ல போட்டுத் தமிழ்ல மாத்திப் படிச்சேன். "இவ்வளவு நாள் ஒரு வைரத்தைப் பெஞ்சில் வைத்திருந்தோம். என் கண் ஏமாறலாம், எண்கள் பொய் சொல்லாது"ன்னு இருந்துச்சு. எண்கள்னா யாரு? நான்தானே! அன்னிக்கு ஆபீஸ் கேன்டீன்ல எல்லாருக்கும் பஜ்ஜி என் செலவு. எதுக்குன்னு யாருக்கும் சொல்லல.

அதுக்கப்புறம் பாலாஜி எல்லா மேட்ச்சும் முழுசா ஆடினான். டீம் தோக்க ஆரம்பிச்சது. அது வேற விஷயம். டீமுன்னா ஆயிரம் காரணம் இருக்கும், குளிரு இருக்கும், நடுவுல பனி கொட்டுதுன்னு ரெண்டு மாசம் லீக்கையே மூடி வச்சுட்டாங்க, அதுல எல்லாருக்கும் டச்சு விட்டுப்போச்சு. பனிக்காலம் முடிஞ்சு திரும்ப ஆரம்பிக்கும்போது பாத்தா மொட்டையப் பெஞ்சுல உக்கார வச்சுட்டாங்க. மார்க் கம்மியாம். கோச்சு சொல்றான், வயசாயிருச்சு, பாஸ் சரியா போறதில்ல, எண்கள் பொய் சொல்லாதுன்னு.

நவ்ஷாத்துக்கு சந்தேகம். "டேய், என் டீமுங்கள்ல பாதிப் பேரு அந்த மொட்டைகிட்ட மாட்டிக்கிட்டு முழிச்சானுங்க. அவனுக்கு எப்படிடா மார்க் கம்மி?"ன்னான். "உன் டீமப் பாரு, என் டீம நான் பாத்துக்கறேன்"னுட்டேன். பொறாமை பிரதர். அவன் டீமுகள்ல பாலாஜி மாதிரி ஒருத்தன் இல்லயே.

இப்ப கடைசி மேட்ச்சுக்கு வரேன். மே மாசம். போரோஷ்வார் ஜெயிச்சா தப்பிச்சுரும். இல்லன்னா செகண்ட் டிவிஷன். ஊரே கிரவுண்டுக்குள்ள நிக்குது. ஒருத்தன்கூட விதை கொறிக்கல, அதக் கவனிச்சேன். ரெண்டு பக்கமும் கோல் இல்ல. முடியப்போற நேரத்துல எங்களுக்கு பெனால்டி!

அந்த டீமுக்கு வழக்கமா பெனால்டி அடிக்கறது மொட்டை. விட்டதே கிடையாது, நான்தானே டேக் போட்டேன், எனக்குத் தெரியாதா. ஆனா அவன் பெஞ்சுல இருக்கான். ஜனங்க அவன் பேரச் சொல்லிக் கத்தறாங்க, எறக்கு எறக்குன்னு. கோச்சு லேப்டாப்பப் பாக்கறான். பாலாஜிதான்னு கையக் காட்டறான். வீடியோவ நிறுத்தி, பெருங்குடில உக்காந்துக்கிட்டு நான் சிலுவை போட்டேன் பிரதர். முந்தின நாளே முடிஞ்சுபோன மேட்ச்சுக்கு.

அடிச்சான். பந்து போஸ்ட்டுக்கு மேல போயி, கேலரிக்கு மேல போயி, பின்னாடி நெடுநெடுன்னு ஒரு மரம் நிக்கும், அதுல மாட்டிக்கிச்சு. மேட்ச் டிரா, டீமு செகண்ட் டிவிஷன்.

இப்ப என்ன டேக் போடுவீங்க? "வெளியே"ன்னு போடலாம். போட்டா அந்த ஒரு பட்டன்ல பாலாஜியோட வாழ்க்கை போச்சு. நான் யோசிச்சேன். கோல்கீப்பர் குதிச்சான் இல்லயா? அந்தக் கை அசைவுல ஒரு மிரட்சி வந்திருக்கும் இல்லயா? மிரட்டினதும் ஒரு வகையில தடுத்ததுதானே? "கீப்பர் தடுத்தார்"னு போட்டேன். அடிச்சவன் நல்லாத்தான் அடிச்சான், தடுத்தவன் அதவிட நல்லாத் தடுத்தான், யாருக்கும் அவமானம் இல்ல. நியாயமா இருக்கா இல்லயா?

அங்கதான் மாட்டிக்கிட்டேன். நான் இந்தப் பக்கம் "கீப்பர் தடுத்தார்"னு போட்டா, அந்தப் பக்கம் நவ்ஷாத் அவன் கீப்பருக்கு ஒரு "சேவ்" போட்டிருக்கணும். ரெண்டும் பொருந்தலன்னா சிஸ்டம் செவப்பாக் கத்தும். சீசன் முழுக்க நான் செஞ்சதெல்லாம் என் டீமுக்குள்ளயே நடந்தது, வீட்டு விவகாரம். இது பக்கத்து வீட்டுக்குப் போயிருச்சு. நவ்ஷாத்த இழுத்து, "மச்சான், ஒரே ஒரு சேவ் போட்றா"ன்னேன். "கீப்பர் அந்தப் பக்கம் விழுந்து கெடக்கறான், பந்து இந்தப் பக்கம் மரத்துல கெடக்கு. சேவ மரத்துக்காடா போடறது?"ன்னான். கூடவே உக்காந்து பஜ்ஜி தின்னவன் பிரதர்.

சிஸ்டம் கத்துச்சு. யாழினி மேடம் வந்தாங்க. அவங்களப் பத்தி ஒண்ணு சொல்லணும். சேந்த புதுசுல ஆஃப்சைடுன்னா என்னன்னு என்கிட்டதான் கேட்டுக் கத்துக்கிட்டாங்க. அவங்க ஒண்ணும் சத்தம் போடல. அந்தப் பெனால்டியப் பாத்தாங்க, என்னப் பாத்தாங்க. அப்புறம் சீசன் முழுக்க உள்ள என் மேட்ச்ச எல்லாம் எடுத்துக்கிட்டுப் போயி முதல்லேர்ந்து அவங்களே டேக் போட்டாங்க. வாரக்கணக்கா. தலையெழுத்தா அவங்களுக்கு?

முடிச்சுட்டுக் கூப்பிட்டாங்க. "ஜெபராஜ், அந்த டீம்லயே பெஸ்ட் பிளேயர் யாரு தெரியுமா? ஃபெரென்ஸ். லீக்லயே முதல் பத்துக்குள்ள வருவாரு. பாலாஜ் சுமார்தான். ஃபெரென்ஸப் பெஞ்சுல உக்கார வச்சது நீங்க. அந்த ஊருக்கு இருந்தது ஒரே ஒரு டீம், ஜெபராஜ்"னாங்க.

நான் கேட்டேன். "மேடம், ஒரு கீ-போர்ட வச்சுக்கிட்டு பெருங்குடில உக்காந்திருக்கவன் ஒரு ஊரு டீமயே இறக்கிட முடியுமா? நானா ஆடினேன்? நானா அந்தப் பெனால்டிய அடிச்சேன்?" பாலாஜிய ஏத்திவிட்டது நான், ஒத்துக்கறேன், பெருமையாவே சொல்லுவேன். ஆனா டீமு இறங்கினதுக்கு நான் இன்னா பண்ணுவேன்? பாத்தீங்களா, பாஷை வந்துருச்சு.

அவங்க விடல. கடைசி மேட்ச்சு வீடியோவ, விசில் அடிச்ச பிறகு உள்ளதப் போட்டுக் காட்டினாங்க. நான் பாத்ததே இல்ல. விசிலுக்கு அப்புறம் நடக்கறதுக்கு டேக் கெடையாது, பட்டனே கெடையாது, யாரு பாப்பாங்க? அந்த ஊர்ல ஒரு வழக்கம் போல. டீம் கேவலமா கீழ இறங்கிட்டா ஜனங்க கம்பிவேலிகிட்ட வந்து நின்னு, இந்த ஜெர்சி போட உங்களுக்கு அருகதை இல்ல, கழட்டி வச்சுட்டுப் போங்கடான்னு கேப்பாங்களாம். எல்லாரும் தலையத் தொங்கப்போட்டுக்கிட்டு வந்து ஒவ்வொருத்தனாக் கழட்டி வேலியோரமாப் போடறான். பாலாஜி சுருட்டி எறிஞ்சுட்டு உள்ள போயிட்டான். கோவம் இருக்காதா மனுஷனுக்கு? கடைசில மொட்டை வரான். அன்னிக்கு ஒரு நிமிஷம்கூட ஆடாதவன். அவனும் கழட்டினான். கழட்டி, ரெண்டு கையையும் சேத்து, காலர் கசங்காம மடிச்சு, புல்லு மேல வச்சான்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கெழவன் கைய நீட்டி, அந்த ஒரு ஜெர்சிய மட்டும் எடுத்து, மொட்டை கையிலயே திருப்பிக் குடுத்தான். ஜனங்க கை தட்டறாங்க.

பாத்தீங்களா? அங்கயும் பாரபட்சம்! எல்லாரும் சேந்துதானே செகண்ட் டிவிஷனுக்குப் போனாங்க?

யாழினி மேடம் அதோட நிறுத்தினா பரவால்ல. என் பாலாஜி கோட்டு மடிச்ச கதைய ஆபீஸ்ல பத்துப் பேருகிட்ட சொல்லியிருந்தேன். அதையும் தோண்டி எடுத்துட்டாங்க. முதல் மேட்ச்ச ஓட்டி, பெஞ்ச மட்டும் பெருசாக்கிக் காட்டறாங்க. பாலாஜி கோட்டக் கழட்டித் தரையில வீசிட்டு ஓடறான். அன்னிக்குக் காயம்னு சொல்லி பெஞ்சுல உக்காந்திருந்த மொட்டை குனிஞ்சு அத எடுக்கறான், மண்ணத் தட்டறான், மடிக்கறான், வைக்கறான். "நீங்க பாத்தது இவரத்தான்"னாங்க மேடம், மெதுவா.

எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு பிரதர், பொய் சொல்லல. ஒரு நிமிஷம்தான். அப்புறம் யோசிச்சேன். அந்தக் கேமராவ வச்சிருக்கற இடம் அப்படி, ஒரு கம்பம் வேற குறுக்க நிக்குது. வெளிச்சம் மொட்டத் தலையில பட்டுக் கண்ணு கூசுது. மடிச்சது அவன்தான்னு நூத்துக்கு நூறு சொல்ல முடியுமா? முடியாது. அப்ப அது சந்தேகம். சந்தேகத்தின் பலன் யாருக்கு?

பாலாஜிக்குத்தான். அன்னிக்கும் அதத்தான் சொன்னேன். மறுநாள் என் அடையாள அட்டைய வாங்கி வச்சுக்கிட்டாங்க.

பாலாஜியா? நல்லா இருக்கான். மேடம் திருத்தறதுக்கு முன்னாடியே பழைய மார்க்கப் பாத்து ஒரு பெரிய டீமு வாங்கிருச்சு. அங்க பெஞ்சுல வச்சிருக்காங்க. அந்தக் கோச்சுக்கு யாரு அக்கா பையனோ! எனக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லுவான்னு இன்ஸ்டாகிராம்ல மெசேஜ் போட்டேன். பாத்துட்டான். பதில் இல்ல. பிசியா இருப்பான்.

போரோஷ்வார் இப்ப செகண்ட் டிவிஷன். மொட்டை இன்னும் ஆடறான். எங்கயும் போகலயாம், ஊர விட்டு நகர மாட்டேன்னுட்டானாம். நான் ஃபோன்ல பாக்கறதுண்டு, சும்மா, பொழுது போகணுமே. ஒவ்வொரு மேட்ச்சுக்கும் எட்டுக்கு மேல மார்க்கு. அதெப்படி பிரதர் வரும்? இந்த வயசுல? எவனோ அவனப் புடிச்சுப்போயி டேக் போட்டுத் தள்ளறான். ஒருத்தர் மேல ஆசை வச்சுக்கிட்டு இந்த வேலைய எப்படித்தான் செய்யறானுங்களோ. மனசாட்சி வேணாமா?

இருங்க, ரிசப்ஷன்ல இருக்கற அந்தப் பொண்ணு இந்தப் பக்கமாப் பாக்குது. ஒண்ணு விசாரிச்சு வச்சிருக்கேன். இவங்ககிட்ட இப்ப ருமேனியா லீக் இருக்கு. ரெண்டு ரெண்டு பேரா ஜோடியாத்தான் எடுக்கறாங்களாம். நீங்களும் நானும்னு சொல்லிரட்டுமா? எனக்கு உங்களப் பாத்ததும் நம்பிக்கை வந்துருச்சு. வேலை ஒண்ணும் கஷ்டம் இல்ல, நான் சொல்லித் தரேன். ஒரு டீமு நான், எதிர் டீமு நீங்க. ஒரே ஒரு சின்ன விஷயம்தான். என்னிக்காவது அபூர்வமா, நான் இந்தப் பக்கம் "கீப்பர் தடுத்தார்"னு போட்டா, நீங்களும் அந்தப் பக்கம் ஒரு சேவ் போட்டுருங்க. அவ்ளோதான். போன சீசன்ல நான் கத்துக்கிட்டது அந்த ஒண்ணுதான்.

எங்க எந்திரிச்சுட்டீங்க? உங்க பேர இன்னும் கூப்பிடலயே. அந்த நாற்காலில ஏசி நேரா மூஞ்சில அடிக்கும் பிரதர். கோட்ட ஏன் அப்படிச் சுருட்டிக் கக்கத்துல வச்சுக்கறீங்க?

பரவால்ல. அவசரத்துல சுருட்டிட்டீங்கன்னு போட்டுக்கறேன்.